வடசென்னையில் ‘அசல் சைனீஸ்’: தேடுகிற முறை மேல் ஒரு விமர்சனம்

கப்பல் சுற்றுலா போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக் குறிப்புகளில் ஒரு ரகம் உண்டு. கப்பல் காலையில் துறைமுகத்துக்கு வரும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற ஆறேழு மணி நேரத்தில் அந்த ஊரின் ‘அசல்’ சைனீஸ் ஹோட்டலைக் கண்டுபிடித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கோயில், கோட்டை, மியூசியம் எல்லாம் அப்புறம். சான் பிரான்சிஸ்கோவில் இந்தத் தெரு, யோகோஹாமாவில் அந்தச் சந்து என்று எழுதிக்கொண்டே போவார்கள். இதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஐரோப்பா டூர் போன மாமா மூன்றாம் நாளே ரசம் சாதத்துக்கு அலைந்த கதை எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

அவர்களுடைய முறை எளிது. உள்ளே சீனர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று பார். சீன எழுத்தில் தனியாக ஒரு மெனு இருக்கிறதா என்று கேள். தொட்டியில் மீன் உயிரோடு நீந்துகிறதா என்று கவனி. இதில் ரெண்டு தேறினால் உள்ளே போ. சுவரில் டிராகனும் தட்டில் சிவப்புக் கலர் சாஸும் மட்டும்தான் என்றால் அடுத்த தெருவுக்கு நட.

பல ஊர்களில் இந்த முறை வேலை செய்யும். அதே முறையை நம்ம ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. முறை தோற்றுவிடும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஏன் தோற்கிறது என்று தோண்டினால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

சென்னையும் கப்பல் சுற்றுலாத் துறைமுகம்தான். பல பேருக்கு இது ஞாபகத்தில் இருப்பதில்லை. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் இங்கிருந்து பயணம் தொடங்கியது. அடுத்த வருஷம் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய்வந்தது. வெளிநாட்டுக் கப்பல்களும் எப்போதாவது வந்து நிற்கும். அதில் வருகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரத்துக்கோ மயிலாப்பூருக்கோ கூட்டிப்போவார்கள். வண்டி தெற்கே திரும்பும். துறைமுகத்தின் வடக்குப் பக்கம் எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் கிடையாது.

வடக்கே திரும்பினால் என்ன இருக்கிறது? 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், அப்புறம் இடது கைப்பக்கம் கன்டெய்னர் லாரிகளும் வலது கைப்பக்கம் கடலுமாக எண்ணூர் வரைக்கும் ஒரு சாலை. அந்தச் சாலையில் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகள் முளைக்கும். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சிக்கன் 65. பெயர்ப்பலகைகளில் டிராகனுக்குப் பஞ்சமில்லை. சீனர்கள் உட்கார்ந்து சாப்பிடும் மேஜையை நான் பார்த்ததில்லை. சீன எழுத்தில் மெனுவும் பார்த்ததில்லை. சீன எழுத்தைப் படிக்கணும்னா பர்மா பஜாரில் செல்போன் கவர் வரும் அட்டைப்பெட்டிகளைத்தான் பார்க்க வேண்டும். உயிரோடு மீன் என்றால் காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் துடிக்கத் துடிக்கக் கிடக்கும், ஆனால் எந்த சைனீஸ் கடைத் தொட்டியிலும் இல்லை. ஆக, மூன்று சோதனையிலும் ஃபெயில்.

இத்தனை வருஷமாகக் கப்பல் வந்துபோகும் ஊரில் இது ஏன் இப்படி? எனக்குத் தோன்றுகிற பதில் இதுதான்: கப்பல் வந்தால் சமையல் வந்துவிடாது, ஆள் தங்கினால்தான் வரும். லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் புளூ ஃபனல் கப்பல் கம்பெனி சீன மாலுமிகளை வேலைக்கு எடுத்தது. அடுத்த கப்பலுக்காக அவர்கள் வாரக்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தங்கும் விடுதிகள் வந்தன, விடுதிக்குச் சமையல்காரர் வந்தார், அவரைச் சுற்றி ஒரு சைனா டவுன் வளர்ந்தது. நாகசாகியில் 1899-ல் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர், அங்கே படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்களுக்காக மலிவாகவும் வயிறு நிறையவும் ஒரு நூடுல்ஸ் போட்டார். உள்ளூர் மீன், உள்ளூர்க் காய், ஊர்க் கைப்பக்குவம். அதுதான் சாம்பொன். இன்றைக்கு ஜப்பானியர்கள் அதை நாகசாகி உணவு என்கிறார்கள். இரண்டு இடத்திலும் பொதுவாக இருப்பது தினமும் பசிக்கிற, பணம் குறைவாக உள்ள, சொந்த ஊர் ருசி தெரிந்த வாடிக்கையாளர்.

நம்ம துறைமுகத்தில் அந்த வாடிக்கையாளர் உருவாகவே இல்லை. 1983-ல் இந்தியாவின் முதல் தனி கன்டெய்னர் முனையம் சென்னையில்தான் வந்தது. அதற்கு முன்னால் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிய காலத்தில் ஒரு கப்பல் நாள்கணக்கில் நிற்கும், மாலுமி ஊருக்குள் வருவான், போவான். கன்டெய்னர் வந்தபிறகு எல்லாம் மணிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. மாலுமிக்குக் கரை இறங்க அனுமதிச் சீட்டு வாங்கி, கேட்டில் காட்டி, வெளியே வருவதற்குள் கப்பல் கிளம்பும் நேரம் வந்துவிடும். இப்படி வருகிறவனை நம்பி யார் ஹோட்டல் வைப்பார்கள்?

தொழிற்சாலைகளாலும் அந்த வாடிக்கையாளர் வரவில்லை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அது பிறகு ஆன அசோக் லேலண்ட், 1955-ல் திருவொற்றியூரில் வந்த என்ஃபீல்ட் இரண்டுக்கும் கூட்டு இங்கிலாந்தோடுதான். ஊரின் மறுகோடியைப் பாருங்கள். ஹூண்டாய் 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு கொரியக் குடும்பங்கள் சென்னையில் வந்து குடியேறின. அவர்களுக்காகவே கொரிய ஹோட்டல்களும் மளிகைக் கடைகளும் வந்தன. ருசி சரியில்லை என்றால் கேட்க அங்கே ஆள் இருக்கிறது. கடற்கரையே இல்லாத ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக்கு அசல் கொரியச் சாப்பாடு வந்துவிட்டது, துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்துக்கு அசல் சைனீஸ் வரவில்லை.

கல்கத்தா கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாங் ஆச்சியூ என்பவர் ஹூக்ளிக் கரையில் கரும்பு ஆலை போட்டதில் தொடங்கி, திரெட்டா பஜாரிலும் பிறகு தோல் பதனிடும் டாங்ராவிலும் ஒரு சீனச் சமூகம் வேர்விட்டது. 1962 போரின்போது இந்தியச் சீனர்களில் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். வெளியே வந்தவர்களில் பலர் நாட்டை விட்டே போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் அடுப்பிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு நாம் ‘சைனீஸ்’ என்று சொல்வதில் பெரும்பகுதி. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியன் செய்தார். பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய் என்று நம் தாளிப்பில் ஆரம்பித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டார். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பயணக் குறிப்பு எழுதுகிறவரிடம் இந்த மஞ்சூரியனைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். சமைத்தவர் சீன வம்சாவளி, முறை சீன முறை, ஆனால் சாப்பிட்டவர் இந்தியர். ஆகவே அசல் இல்லையாம். சாம்பொன்னை மட்டும் ஆசையாகச் சாப்பிடுவார். அதில் மட்டும் சீனாவில் கிடைக்கிற எதுவாவது அப்படியே இருக்கிறதா என்ன? ‘அசல்’ என்ற சொல்லை அவர்கள் ருசிக்குப் பயன்படுத்துவது போலத் தெரியும். உண்மையில் அது ஒரு உறவைக் குறிக்கிறது. யார், யாருக்காக, தினமும் சமைக்கிறார்கள் என்பதுதான் அந்த உறவு. வெளியிலிருந்து வந்து எட்டிப் பார்க்கிறவருக்காகச் சமைக்காமல், தங்களுக்குள் ஒருவருக்கொருவர் சமைத்துக்கொள்கிற இடத்தைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அப்படியானால் அதையே சோதனையாக வைத்துக்கொள்வோமே. சீன முகத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, கப்பலில் வந்திறங்கியவர்கள் தங்கள் ஆட்களுக்காகவே சமைக்க ஆரம்பித்த நூடுல்ஸ் இந்தத் துறைமுகத்தில் உண்டா என்று கேட்போம்.

உண்டு. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரிலேயே, கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், செகண்ட் லைன் பீச் ரோட்டில். அத்தோ.

இந்த அத்தோ சென்னைக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள், வங்காளிகள், குஜராத்திகள் என எல்லாரும். இந்தியர் குடியிருந்த தெருக்களுக்கு மேற்கே ஒட்டினாற்போல் சீனர் தெருக்கள். பர்மாவுக்கு நூடுல்ஸ் இரண்டு பக்கமாக வந்தது. யுன்னானிலிருந்து மலைப்பாதையில் ஒன்று, ஹொக்கியன், கான்டனியர்களோடு கடல்வழியாக இன்னொன்று. பர்மியர்கள் அதைத் தங்கள் பாணியில் மாற்றிக்கொண்டார்கள். பர்மிய மொழியில் ‘அத்தோக்’ என்றால் கையால் பிசைந்து கலந்தது. வேகவைத்த நூடுல்ஸைச் சூப்பில் போடாமல், அடுப்பில் வதக்காமல், புளியும் பூண்டெண்ணெயும் வறுத்த பருப்பு மாவும் போட்டுக் கையால் பிசைவது.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ரெண்டு வருஷத்தில் கடைகள் தேசியமயம், 1964-ல் பெரிய நோட்டுகள் செல்லாது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பல் ஏறினார்கள். வந்து இறங்கிய துறைமுகங்களில் சென்னை முக்கியமானது. வியாசர்பாடி தொடங்கி எண்ணூர் வரைக்கும் வடசென்னையில் அவர்களுக்குக் குடியிருப்புகள் வந்தன. 1969-ல் துறைமுகத்துக்கு எதிரே சாலையோரம் கடை போட இடம் கிடைத்தது, அதுதான் பர்மா பஜார். ஃபாரின் சாமான் விற்ற அதே மனிதர்களுக்குச் சாயங்காலம் பசிக்கும் இல்லையா? அவர்கள் பக்கத்துத் தெருவில் சாப்பிட்ட சாப்பாடுதான் இது.

லிவர்பூல் விடுதி மாதிரியே. தினமும் பசிக்கிற, பணம் குறைவாக உள்ள, விட்டுவந்த ஊரின் ருசி தெரிந்த வாடிக்கையாளர். ஒரே வித்தியாசம், இங்கே அந்த வாடிக்கையாளர் தமிழர், விட்டுவந்த ஊர் ரங்கூன்.

சரி, ருசிக்கு வருவோம். விமர்சனம் என்று தலைப்பு வைத்துவிட்டு வரலாறு மட்டும் பேசினால் எப்படி.

வண்டியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கலர் போட்ட தடித்த நூடுல்ஸ் மலைபோல் குவிந்திருக்கும், மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். பக்கத்தில் மெல்லிசாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த பூண்டு அதன் எண்ணெயோடு, மிளகாய்த் தூள், உப்பு, புளித்தண்ணீர். பேஜோ என்ற பருப்பு போட்ட மொறுமொறு தட்டை ஒன்றை நொறுக்கிப் போடுவார்கள். எல்லாம் ஒரு கிண்ணத்தில் விழுந்து நாலு பிசை, தட்டுக்கு வந்துவிடும். கூடவே வாழைத்தண்டு சூப். நல்ல கடையில் நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாது, புளிப்பு முதலில் தெரியும், காரம் பின்னால் வரும், பேஜோ நமத்துப்போவதற்குள் பாதித் தட்டு காலியாகிவிடும். என்னைக் கேட்டால் இதன் உயிர் பூண்டெண்ணெய்தான். பூண்டைக் கருகவிட்ட கடையில் நூடுல்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, கசப்பு அடிநாக்கில் நின்றுவிடும்.

முட்டை மசாலா தனி ரகம். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த் தூள் திணித்து, மேலே துளி புளித்தண்ணீர் விட்டு நீட்டுவார்கள். ஒரே வாயில் போட வேண்டும். ரெண்டு வாயாகக் கடிக்கிறவரைப் பார்த்தாலே ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும்.

குறையும் இருக்கிறது. மொய்ங்கா என்பது பர்மாவில் மீன் சாறு. கெளுத்தி மாதிரி மீனை வேகவைத்து, வாழைத்தண்டும் எலுமிச்சைப் புல்லும் போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவது. சென்னையில் பல வண்டிகளில் மீன் காணாமல்போய், வாழைத்தண்டு மட்டும் நிற்கிறது. ஙாப்பி என்ற மீன் விழுதின் வாசனை சுத்தமாக இல்லை. காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் மீன் இல்லாத மொய்ங்கா! இதைப் பற்றி ஒரு வண்டிக்காரரிடம் கேட்டேன்.

“ஏண்ணே, சூப்புல மீன் போடறதில்லையா?”

“போட்டா பாதி பேரு சாப்ட மாட்டான் தம்பி. வெஜிடேரியன் ஆளுங்க ஆபீஸ் வுட்டு நேரா இங்கதான வர்றாங்க. எங்க வூட்ல மீன் போட்டுத்தான் வைப்போம்.”

“அப்ப இது அசல் இல்லையா?”

“இன்னா தம்பி அசலு? அம்பது வருசமா இத்தான் வியாவாரம்.”

இந்தப் பதிலைச் சமாளிப்பு என்று தள்ளிவிடலாம். நான் தள்ள மாட்டேன். வீட்டில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். பயணக் குறிப்புக்காரர்கள் தேடுகிற ‘சீன எழுத்து மெனு’ என்பதும் இதுதானே? உள்ளவர்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று. இங்கே அந்த இரண்டாவது மெனு அச்சடித்த தாளில் இல்லை, வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டு அடுப்பில் இருக்கிறது. பர்மாவில் பிறந்தவர்களில் பலருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த அடுப்பில் மீன் மொய்ங்கா இன்னும் எத்தனை வருஷம் கொதிக்கும் என்பதுதான் எனக்குக் கவலை. வண்டி அத்தோ பிழைத்துக்கொள்ளும். அதற்கு வீடியோக்காரர்கள் இருக்கிறார்கள், காலேஜ் பசங்க கூட்டம் இருக்கிறது, இப்போது திருச்சி, மதுரை வரைக்கும் போய்விட்டது. அந்த வீடியோக்களில் விலை சொல்வார்கள், கை வேகத்தைக் காட்டுவார்கள், ‘வேற லெவல்’ என்பார்கள். இதைக் கொண்டுவந்தவர்கள் ஏன் கொண்டுவந்தார்கள் என்பது பத்து வீடியோவில் ஒன்றில் இருந்தால் அதிகம்.

இப்படிக் கடல் தாண்டி நூடுல்ஸைத் தமிழர்கள் கையில் எடுத்தது இங்கே மட்டும் இல்லை. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் ஹொக்கியன்காரர்களின் மஞ்சள் ‘மீ’யை எடுத்து, உருளைக்கிழங்கும் மிளகாய் விழுதும் தக்காளிச் சாஸும் போட்டு மீ கோரெங் ஆக்கினார்கள். ‘மீ’ சீனச் சொல், ‘கோரெங்’ மலாய்ச் சொல், கரண்டி தமிழருடையது. எதிர்ப்பக்கமும் நடந்தது. சிங்கப்பூரில் மீன்தலையைச் சீனர்கள் விரும்புவதைப் பார்த்து, அதை நம் ஊர்க் குழம்பில் போட்டவர் கேரளத்து எம். ஜே. கோமஸ் என்று சொல்வார்கள், 1949-ல். மலேசியாவில் மீ கோரெங்கை யாரும் ‘அசல் சைனீஸ் இல்லை’ என்று குறை சொல்வதில்லை. அது அந்த ஊர்ச் சாப்பாடு, அவ்வளவுதான். அத்தோவுக்கு அந்த மரியாதை இன்னும் வரவில்லை. பர்மியச் சாப்பாடு என்று விசாரித்து வருகிறவர் மீன் இல்லை என்கிறார், சைனீஸ் தேடுகிறவர் இது சைனீஸே இல்லை என்கிறார், உள்ளூர்க்காரர் ரோட்டுக்கடை அயிட்டம் என்கிறார்.

டிராகன் வண்டிகளைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. அவற்றை நான் மட்டமாகப் பேச மாட்டேன். சீனச் சமையலில் எழுதிவைக்க முடியாத விஷயம் நெருப்பு. கான்டனியர்கள் ‘வோக் ஹெய்’ என்பார்கள், சட்டியின் மூச்சு. வீட்டு கேஸ் அடுப்பில் அது வராது. திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து வண்டியில் பர்னர் ஜெட் விமானம் மாதிரி உறுமும், சட்டி விளிம்பில் தீ ஏறும், மூணு நிமிஷத்தில் ரைஸ் இறங்கும். இந்த ஒரு விஷயத்தில் பெரிய ஏசி ஹோட்டல்கள் சிலதைவிட அந்த வண்டி சீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன்மேல் சில்லி சாஸும் சிக்கன் 65-ம் கொட்டும்போது தூரம் திரும்ப அதிகமாகிவிடும் என்பது வேறு. ஷெஜ்வான் என்று எழுதியிருப்பதில் சிச்சுவான் மிளகு கிடையாது, காய்ந்த மிளகாயும் பூண்டும்தான். இன்னொன்று, எல்லாரும் சீன உப்பு என்று பயப்படுகிற அஜினோமோட்டோ ஜப்பானியச் சரக்கு. 1908-ல் இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த ருசி அது.

மூன்றாவது சோதனையை, அந்த உயிருள்ள மீனை, நடுவில் விட்டுவிட்டேன். அதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சீனச் சமையலில், முக்கியமாகத் தென்சீனத்தில், உயர்ந்த பக்குவம் என்று நினைப்பது முழு மீனை இஞ்சி, வெங்காயத்தாளோடு ஆவியில் வேகவைத்து, மேலே சூடான எண்ணெயும் சோயாவும் விடுவதை. மசாலா கிடையாது, ஆகவே மீன் நேற்றைய மீனாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதற்குத் தோதான கொடுவாயும் வவ்வாலும் காசிமேட்டில் இறங்குகின்றன. ஆனால் இங்கே அப்படி ஒரு தட்டை நீட்டினால், “இன்னா சார், ஒடம்பு சரியில்லாதவனுக்கு வைக்கிற மாரி இருக்கு” என்பார்கள். மீன் என்றால் குழம்பு, இல்லையா வறுவல். அது நம் ருசி, அதில் தப்பில்லை. ஆவி மீன் வராததற்குக் காரணம் ஊர் அறியாமை கிடையாது, கேட்க ஆள் இல்லாததுதான்.

கேட்கிற ஆள் இருக்கிற ஊருக்கு இங்கிருந்து சரக்கு போகிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் பிடிக்கிற பச்சை நண்டில் பெரியதை, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரம் காயாமல் கூடையில் அடுக்கி, உயிரோடு விமானத்தில் ஏற்றுவார்கள். சிங்கப்பூருக்கு, சீனாவுக்கு. தொட்டியில் நீந்துகிற அசல் சைனீஸ் என்று பயணக் குறிப்புக்காரர் அங்கே போட்டோ பிடிக்கிற நண்டு எண்ணூர்க்காரனாக இருக்க வாய்ப்பு உண்டு. இங்கே கால் ஒடிந்ததும் சின்னதும் நிற்கும், அதில் மிளகு போட்ட நண்டு ரசம் வைப்பார்கள். அந்த ரசத்துக்கு நான் எந்தத் தொட்டி நண்டையும் விட்டுக்கொடுப்பேன்.

இந்த நண்டும் குறைந்துகொண்டே வருகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் படிந்து சேற்றைக் கெடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வழிந்து கழிமுகம் முழுக்கப் பரவியது. மீனவர்கள் வாளியை வைத்துக்கொண்டு கையால் எண்ணெயை அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நண்டு சேற்றில் வளை தோண்டி வாழ்கிற ஜீவன், எண்ணெய் இறங்கியதும் அந்தச் சேற்றில்தான். அசல் சைனீஸ் இல்லாதது வடசென்னைக்கு ஒரு குறையே இல்லை. சைனீஸ் கடை நாளைக்குக்கூட வரலாம், பத்து சீன என்ஜினியர் குடும்பத்தோடு வந்தால் போதும். நண்டு அப்படித் திரும்பி வராது.

கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் கையில் வைத்திருக்கிறவருக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். விடியற்காலையில் கரை இறங்க முடிந்தால் காசிமேடு ஏலம் பாருங்கள், கால் வழுக்கும், பழைய செருப்பு போதும். மத்தியானம் ராயபுரத்தில் மீன் குழம்புச் சாப்பாடு. அத்தோ வண்டிகளைச் சாயங்காலம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். நாலரை மணிக்குப் போனால் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பார்கள், அஞ்சரைக்குப் பூண்டு பொரிகிற வாசனை வரும். ஆறு மணிக்கு உங்கள் கப்பல் கிளம்புகிறது என்றால் சொல்லுங்கள், பார்சல் கட்டித் தருவார்கள். பேஜோவை மட்டும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கப்பல் ஏறுவதற்குள் நமத்துவிடும்.